லைன் என்று சொன்னேன்

நவம்பர் 18, செவ்வாய்

நான்கு நாளாகப் பனிமூட்டம். சீருடை காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடியில் கிடக்கிறது, நாளைக்குப் புகை வாடையோடு போக வேண்டும். கணக்கு டெஸ்ட் 11/25.

இந்த நோட்டு வேதியியல் ரெக்கார்டு அட்டைக்குள் இருக்கும். யாரும் பார்க்கக் கூடாது. முக்கியமாக வினோ.

வினோ என் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் அம்மா பார்வதி அக்கா மண்ணுக்குள் போய் இன்று பன்னிரண்டாம் நாள். அன்றிலிருந்து எங்கள் காம்பராவில்தான் இருக்கிறாள். என் போர்வையில் பாதி அவளுக்கு.

எங்கள் எஸ்டேட் லயத்தில் பத்து காம்பரா. ஒரே கூரையின் கீழே வரிசையாகப் பத்து அறை, பத்து குடும்பம். இப்போது ஏழு. கடைசி மூன்றும் இருந்த இடத்தில் சிவப்பு மண்.

சுவரில் யாரோ தட்டும் சத்தம். எலி என்கிறாள் அம்மா. எலி மூன்று தரம் தட்டி நிறுத்தி மறுபடி மூன்று தரம் தட்டுமா?

நவம்பர் 19, புதன்

தூறல். குழாயடியில் கேட்டது:

"ஆரோக்கியம் போனே பண்ணலயாம்."

"பண்ணுனானாம்க்கா. கரண்டு லைன் அறுந்துருச்சுன்னு பண்ணுனானாம்."

"ஊத்திக்கிட்டுக் கெடந்திருப்பான். அவனுக்கு மீட்புத் தொண்டர்னு சட்டை ஒண்ணு கேடு."

எங்கள் லயத்து ஆரோக்கியம் மாமா குடிப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சொல்கிறார்கள்.

முன்பெல்லாம் மழை வலுத்தால் தாலுகா ஆபீசில் ஓர் அறை, ஒரு போன், ஒரு கிளார்க். "லயத்து ஆளா? எத்தனாவது காம்பரா?" என்று அவரே கேட்பார். கோடையில் எல்லா இலாகாவையும் சேர்த்துப் புது இலாகா, அதற்கொரு மையம் வந்தது. ஒரே நம்பர். போன் எடுப்பது எங்கேயோ நகரத்தில். அறையைப் பூட்டி, கிளார்க்கை ரேஷன் கார்டு பிரிவுக்குப் போட்டுவிட்டார்கள்.

தொண்டர்களையும் புது இலாகாவில் சம்பளத்துக்கு எடுப்பதாக இருந்தது. மாமா பெயர் பட்டியலில் இருந்தது. இப்போது அடித்துவிட்டார்களாம். திங்கட்கிழமை விசாரணை.

நவம்பர் 20, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அன்று காய்ச்சல், நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வினோ டவுனில் ஸ்பெஷல் கிளாசில். சாயங்காலம் மேல் சரிவு இறங்கியது. முதலில் கொஞ்சம்தான். கடைசி காம்பராவின் கதவு அடைபட்டுப் பார்வதி அக்கா உள்ளே. மாமா மண்வெட்டியோடு ஓடினார். ஓடும்போது போனை என் கையில் திணித்தார். "வெரசா பேசு பாப்பா."

ஒரு பெண் எடுத்தாள். என்ன விபத்து என்றாள்.

லயம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வாரம், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். லயம் என்றேன். "லயம் சரி, சுருதி எங்கடி?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மூன்று வருடம் என் பெயரே சுருதி. அதிலிருந்து நான் யாரிடமும் லயம் என்று சொல்வதில்லை. லைன் என்பேன். கேட்க டவுன்காரி மாதிரி இருக்கும்.

"லைன்ல மண்ணு எறங்குதுங்க. லைனே சாஞ்சிருச்சு."

"லைன் கட் ஆயிருச்சாம்மா?"

"ஆமாங்க, கடைசியில."

முக்கால் மணி நேரம் கழித்து ஏணியோடு இரண்டு லைன்மேன்கள் வந்தார்கள். "எங்க அறுந்துச்சும்மா?" என்று கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஏணியைப் போட்டுவிட்டு அவர்களும் கையால் தோண்டினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது இருட்டிவிட்டது. அதற்குள் மேலிருந்து மறுபடி இறங்கியது.

அதுவரை உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. வினோவுக்கு அது தெரியாது. ஒரே நொடியில் போய்விட்டார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

பார்வதி அக்கா கருமாதி. வெயில், பத்து நிமிஷம். சாம்பார், பொரியல், பாயசம், இலை போதவில்லை.

மாமா சாலையிலேயே நின்றார். "அவரு உள்ள வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றாள் வினோ. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இலை எடுக்கிற சாக்கில் நான் வெளியே போனேன்.

"மாமா, நானே சொல்லிர்றேன்."

"நான்தான் பேசுனேன்னு எழுதிக் குடுத்தாச்சு. நீ படிக்கிற சோலியப் பாரு."

"போன்ல பேசுனது அவங்ககிட்ட பதிவா இருக்காம் மாமா. கேட்டா தெரிஞ்சிரும்."

"சளி புடிச்சு அன்னைக்கு எனக்குப் பொம்பளக் கொரலும்பேன்." சிரித்தார். தாடி மழிக்கவில்லை. "ஏபுள்ள, அவ ஒம் பக்கத்துலதான படுக்குறா. நெனச்சுப் பாரு."

அதைத்தான் நினைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. வரலாறு படிக்க உட்கார்ந்தேன், ஒன்றும் ஏறவில்லை. தட்டல். வினோவை எழுப்பி "கேக்குதா?" என்றேன். "என்னது?" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. விசாரணை சமுதாயக் கூடத்தில். புது இலாகாவிலிருந்து ஒரு மேடம், லேப்டாப்போடு இரண்டு பேர். லயத்து ஆட்கள் எல்லோரும்.

மேடம் மாமாவிடம், "நீங்கதான் பேசினீங்களா?"

"ஆமாங்க."

"இது பெண் குரலா இருக்கே."

"சளிங்க."

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தர், "ஊத்துனா கொரலும் மாறுமோ?" அப்போதும் மாமா தலையைக் குனிந்தபடியே நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. "அது நான் மேடம். லைன்னா கரண்டு லைன் இல்ல. லயம். நாங்க இருக்கிற வீடு."

"என்ன யம்?"

"லயம்." கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னேன். மேடம் அதை எழுதிக்கொண்டார். மையத்தில் போன் எடுப்பவர்களின் பட்டியலில் மரம், கம்பம், லைன், சாலை, வீடு இருக்கிறதாம். இந்தச் சொல் இல்லையாம். மாமா பெயரை மறுபடி சேர்க்கலாம், ஆனால் பொய் எழுதிக் கொடுத்ததற்குத் தனியாக விளக்கம் வேண்டும் என்றார்.

பிறகு பதிவைப் போட்டார்கள். என் குரல். இவ்வளவு மெல்லியதா? அம்மா என்னைப் பார்க்கவில்லை. வினோ பார்த்தாள்.

முடிந்ததும் வினோ நேரே மேஜைக்குப் போனாள். "இன்னொரு தடவ போடுங்க." போட்டார்கள். "இன்னொரு தடவ. சத்தமா."

மூன்றாம் முறைதான் எனக்கும் கேட்டது. நான் "ஆமாங்க, கடைசியில" என்கிற இடத்தில், பின்னால், தூரத்தில் பார்வதி அக்கா. "ஆரோக்கியம், புள்ள வந்தா இங்கிட்டு விட்றாதீங்க."

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று ராத்திரியும் வினோ இங்கேதான் படுத்தாள். போர்வை வேண்டாம் என்றாள். ரொம்ப நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே, "எவ்வளவு நேரம் எங்கம்மா பேசுனாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"என்னென்ன பேசுனாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

விடியும்வரை சொன்னேன். இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "மறுபடி மொதல்ல இருந்து சொல்லு" என்கிறாள்.