பூஜ்ஜிய விதை

வியாழனின் நிலவு யூரோப்பா, பனிமேல் நிலையம்.
எழுதுவது: பைரவி, தொடர்புப் பொறியாளர்.

நாள் 1, 07:00
வழக்கமான வடச் சோதனை. பதினோரு கிலோமீட்டர் பனிக்கு அடியில், கடலில், வடத்தின் நுனியில் தொங்கும் கூண்டில் லூர்து அண்ணன். தூத்துக்குடிக்காரர், ஆழ்கடல் மெக்கானிக்.
வடத்தின் இரு முனையிலும் ஏழு அறைகள் கொண்ட மின்னணுப் பதிவேடு. ஒவ்வொரு துடிப்புக்கும் அறைகளில் உள்ள 0, 1 பிட்டுகள் ஓர் அறை நகரும். கடைசி இரண்டு அறைகளைக் கூட்டி முதல் அறையில் போடும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்ஜியம். இந்தச் சின்னக் கூட்டலிலிருந்து ஒழுங்கே இல்லாததுபோல் 127 பிட்டுகள் வரும். பிறகு அதே வரிசை திரும்பும்.
தொடக்க எண்ணை விதை என்போம். காலை ஏழு மணிக்குக் கையால் இடுவது எங்கள் வழக்கம். விதை மாறினால் ஆள் எழுந்துவிட்டார். இன்று அவர் இட்டது 9. மகளின் வயது.
பிழை இல்லை.

நாள் 2, 13:20
அணு உலை நின்றது. கூண்டை மேலே இழுக்கவும் அதுதான் வேண்டும். இனி மின்கலம்தான். மீட்புக் கப்பல்: "ஒன்பதாம் நாள் வருவோம். அதற்கு முன் வழியில்லை."
இருவருக்கும் வெப்பம் கொடுத்தால் ஐந்து நாள். ஒருவருக்கு என்றால் பத்து. இருவரும் இரண்டு டிகிரியில் விறைத்துக் கிடந்தால் கப்பல்வரை தாங்கலாம். தாங்காமலும் போகலாம்.

16:05
"ஏட்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு? கீழ வர்ற கரண்ட நிறுத்து."
"முடியாதுண்ணே."
"படிச்ச புள்ளைன்னு பேரு. ரெண்டுல ஒண்ணக் கழிக்கத் தெரியல."
"தெரியும். கழிக்க மாட்டேன்."
"எம் மவளவிட அடம் புடிக்கியே, மூதி."
இரு பக்கமும் வெப்பத்தை இரண்டு டிகிரிக்கு இறக்கினேன்.

நாள் 4, 07:00
பேச்சுத் தடம் உறைந்துவிட்டது. சோதனைத் தடம் மட்டும் இருக்கிறது. விதை 64.
புத்தகங்களில் தனிமை அழகாக இருக்கும். அங்கே யாருக்கும் விரல் மரத்துப்போவதில்லை.

நாள் 6, 07:00
விதை வரவில்லை. எல்லாம் பூஜ்ஜியம். அது மட்டும் தடைசெய்யப்பட்ட விதை. எத்தனை முறை கூட்டினாலும் பூஜ்ஜியம்தான். பதிவேடு தானாக மீளாது.

09:15
கீழ் மின்சார விசையில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

09:50
உறுத்துகிறது. செத்த கம்பி இவ்வளவு சுத்தமாக இருக்காது. வியாழனின் கதிர்வீச்சு அதில் ஒன்றுகளைத் தூவும். இதில் ஒரு தூசுகூட இல்லை. இயந்திரம் ஓடுகிறது. கூண்டில் இருக்கும் சிவப்பு அழிப்புப் பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் அது பூஜ்ஜியமாகும்.
அழுத்தியிருக்கிறார். நான் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செத்ததாக நடிக்கிறார்.

10:02
என் தடத்தில் போகும் பிட்டு அவர் பதிவேட்டில் கூடும். ஒரே ஒரு 1 அனுப்பினேன். வரிசை ஓடத் தொடங்கியது. அதை இயந்திரமே செய்யும்.
10:04 பூஜ்ஜியம். இது கை.
10:05 நான்: 1.
10:06 பூஜ்ஜியம்.
10:06 நான்: 1.
சண்டை போடுகிறோம். நாலு நாளில் முதல்முறை சிரித்தேன்.

நாள் 7, 15:00
நாற்பத்தொரு முறை. அவர் அழிக்க எடுக்கும் நேரம் நீள்கிறது. ஒரு நிமிடம், ஒன்பது, இருபத்தாறு.

நாள் 8, 11:30
1 அனுப்பினேன். ஓடுகிறது.

17:00
இன்னும் ஓடுகிறது. 127, மறுபடி 127. ஒப்புக்கொண்டாரா? அழுத்தக் கை இல்லையா? வரிசையைப் பார்த்தால் தெரியாது.
கப்பல் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை. தட அளவைகள் மட்டும் தானாகப் போகின்றன. என் கால் அசையவில்லை. கீழ் மின்சார விசையை அணைக்க முடியாதபடி கம்பியால் கட்டிவிட்டேன், என் விரலை நம்பாமல்.

நாள் 9, 06:50
கப்பல்: "பைரவி, இறங்குகிறோம். கீழே ஆள் இல்லையென்றால் வடத்தை வெட்டிவிட்டு உடனே கிளம்புவோம்."

07:00
வரிசை நின்றது. பூஜ்ஜியம்.
ஏழு மணி. சரியாக ஏழு மணி.

07:01
கப்பல்: "கீழ்த்தடம் பூஜ்ஜியம். வருந்துகிறோம். வெட்டுகிறோம்."

07:04
தவழ்ந்து வடத்தலைக்கு வந்துவிட்டேன். நோட்டை இதில் கட்டப்போகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், மன்னியுங்கள். வெட்ட வருபவரே, இந்தப் பூஜ்ஜியம் ஒரு கை. அவர் இருக்கிறார். போகச் சொல்கிறார், கேட்காதீர்கள். வெட்டாதீ