சிவந்தவை போன பிறகு

இன்று காலை அலுமாரியைத் திறந்து உங்கள் பைனாகுலரை எடுத்தேன். வாரில் இன்னும் உங்கள் வியர்வை மணம் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நின்ற உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்தாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா நேற்றோடு முடிந்திருந்தது. நீங்கள் மவுத்தான பிறகு இன்றுதான் வாசற்படியைத் தாண்டினேன்.

ஒவ்வொரு மார்ச்சிலும் சுபஹு தொழுதுவிட்டு உப்பளத்து வரம்பில் நடப்போமே. நீங்கள் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் சேற்றில் மேயும் உள்ளான் குருவிகளை நான் வெறுங்கண்ணால் பார்த்துவிடுவேன். "சொல்லாத புள்ள, நானே கண்டுபிடிக்கிறன்" என்று சிறுபிள்ளைபோல் அடம்பிடிப்பீர்கள். முதல் வருடம் வயிறு சிவந்த ஒன்றைப் பார்த்து, புதுக் குருவி என்று கத்திவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அதே உள்ளான்தான் புள்ள. வடக்க போற பயணத்துக்கு உடுப்பு மாத்தியிருக்கு."

இத்தாவில் இருந்தபோது உங்கள் தங்கைதான் சேதி கொண்டுவருவாள். மதுரங்குளியில் இருந்து வரும்போது பஸ் ஜன்னலால் பார்த்துவிட்டு, "மதினி, உங்கட குருவிகள் இன்னும் நிக்குது" என்பாள். பிறகு, "கொஞ்சம் செவந்திருக்கு" என்றாள். வந்த பெண்கள் எல்லோரும் "அழுதுருங்க, நெஞ்சுக்கு நல்லம்" என்றார்கள். அழுகை வரவில்லை. சோறு தந்தார்கள், சாப்பிட்டேன்.

ஒன்றுதான் வேண்டுமென்றிருந்தேன். உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியபோது நான் உள்ளறையில் இருந்தேன். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. இந்தக் குருவிகளையாவது நின்று வழியனுப்ப வேண்டும்.

உப்பளத்தில் சிவந்தது ஒன்றுகூட இல்லை.

"முந்தநாள் கூட நிண்டுச்சே மதினி" என்றாள் உங்கள் தங்கை, தானே விரட்டிவிட்டவள்போல.

சாம்பல் நிறத்தில் சில மட்டும் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

"இதுகள் ஏன் போகல்ல?"

"போன வருசத்துக் குஞ்சுகள். இந்த முறை இதுகளுக்குப் பயணமில்ல" என்றேன். நீங்கள் சொல்லித் தந்ததுதான். இழுத்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, நீங்கள் சொல்வதுபோலவே வந்துவிட்டது. அவள் அப்படியே வரம்பில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். உங்கள் பேச்சு எனக்குள் முழுதாக இருக்கிறது, அழுகைதான் இல்லை. அன்று உங்கள் முகத்தை எனக்குக் காட்டினார்கள். நீங்கள் போனதை இன்னும் யாரும் காட்டவில்லை.