வாடையில்லாத கரி

இன்று காலை எங்கள் குடியிருப்பின் வாசலில், துணி தேய்ப்பவர் தம் இஸ்திரிப் பெட்டியில் கரி நிரப்பிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கைதவறித் தரையில் விழுந்து கணீரென்று ஒலித்தது. நன்றாக வெந்த மரக்கரி அப்படித்தான் ஒலிக்கும் என்று உமக்குத் தட்டிக் காட்டியவன் நான். கொண்டுபோன சட்டைகளைக் கொடுக்காமலே மாடியேறி வந்துவிட்டேன்.

தில்லி ஆர்.கே.புரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். உமது அலுவலகத்தின் ஹரியானாக்காரர் மாற்றலாகிப் போகும்போது தண்ணீர்க் குடுவை வழியே புகை இழுக்கும் தம் ஹூக்காவை உமக்குக் கொடுத்துச் சென்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பிற்பகலில் மட்டும் அதன் முன் அமர்வீர். புகையிலைக் கிண்ணத்தின் மேல் வைக்க, தீக்குச்சி காட்டியவுடன் சீறிப் பற்றும் வட்டக் கரியைத்தான் அப்போது பயன்படுத்தினீர். பட்டாசு வெடித்தாற்போன்ற அதன் வாடை தாங்காமல், ஜனவரிக் குளிரிலும் இரு ஜன்னல்களையும் பால்கனிக் கதவையும் விரியத் திறந்துவைப்பீர். எதிரே நான் மப்ளரும் கையுறையுமாக உட்கார்ந்திருப்பேன். "தில்லியிலேயே மூடுபனிய வீட்டுக்குள்ள கூப்பிட்டு நாற்காலி போடுறவன் நான் ஒருத்தன்தான் வே" என்பீர்.

எனக்குப் புகைப்பழக்கம் இல்லை. ஆயினும் ஒரு காரியம் முறையின்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலாது. அமைச்சகத்தில் விதிகளை வரைவதே என் வேலை. அந்த வட்டக் கரியில் எளிதில் பற்றுவதற்காக ஏதோ வேதிப்பொருள் சேர்க்கிறார்கள் என்று படித்தறிந்தேன். பக்கத்து முனிர்காவில் ஒரு கடையில் கலப்பில்லாத மரக்கரி வாங்கிவந்து, உம் வீட்டு ஹூக்காவுக்கு ஐந்து விதிகள் எழுதினேன். மரக்கரி மட்டுமே வேண்டும். அடுப்பில் வைத்து முழுவதும் சாம்பல் பூக்கும்வரை கனலவிட வேண்டும். புகை அடங்காத துண்டைக் கிண்ணத்தில் வைக்கலாகாது. மாற்றுத் துண்டுகளை அங்கீட்டி என்னும் சிறு கரியடுப்பில் கனலாகவே வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது: இக்கரிக்குப் புகையும் வாடையும் இல்லையாதலால், குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கத் தேவையில்லை.

"என்ன வே, கரிக்குமா சர்க்குலர்?" என்று சிரித்தீர். சிரித்துக்கொண்டே அந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினீர். நம் விளையாட்டு என்று உம் மனைவி அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வாடையற்ற பொருள் தீங்கற்றது என்று நான் நம்பினேன். என்னை நீர் நம்பினீர்.

அடுத்த ஞாயிறு எனக்கு அலுவலகத்தில் வேலை இருந்தது. பிற்பகல் நீர் தொலைபேசியில் அழைத்தீர். உம் மனைவி மருத்துவமனைக்கு டூட்டிக்குப் போய்விட்டதையும், கரி அருமையாகப் பூத்திருப்பதையும் சொன்னீர். பிறகு சொன்னீர்: "அவ ஜன்னலை அடைச்சிட்டுப் போயிட்டா வே. திறக்கப் போனேன். உம்ம அஞ்சாவது விதி ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன். தலை மட்டும் லேசா வலிக்கு."

பழைய கரியின் நஞ்சு உடம்பை விட்டுப் போக நாளாகும் என்று விளக்கினேன். சூடாக ஒரு டீ குடியும் என்றேன். கோப்பு காத்திருந்ததால் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

மாலையில் உம் மனைவி வந்து என் கதவைத் தட்டினார். செவிலியர் அல்லவா, உம் முகத்தைப் பார்த்ததுமே உயிர் இல்லையென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கனலும் கரியிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடைத்த அறையில் அது ஆளைத் தூங்கவைத்துவிடும் என்றார் மருத்துவர். பழைய கரியிலும் அதே வாயு இருந்திருக்கிறது. ஆனால் அதன் நாற்றம் வாரந்தோறும் உம்மை எழுப்பி ஜன்னலைத் திறக்கவைத்தது. அந்த நாற்றத்தைத்தான் நான் நீக்கினேன்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, தண்ணீர் எடுக்கப் போகிறவன்போலச் சமையலறைக்குச் சென்று, கதவிலிருந்த தாளை உரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

உம் மனைவி இப்போது பாளையங்கோட்டையில் தம் அக்காளோடு இருக்கிறார். மாதம் ஒருமுறையேனும் அழைப்பார். ஊர் மழையைப் பற்றி, என் இரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, எங்கு தொடங்கினாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்பார்.

"அவங்க எப்பவும் திறந்துதான வைப்பாங்க, அண்ணாச்சி. குளிருமேன்னு நாந்தான் அடைச்சிட்டுப் போனேன். நாந்தான் கொன்னுட்டேன்."

அப்படி நினைக்காதீர்கள் என்று நான் சொல்வேன். எல்லோரும் சொல்வதும் அதுதான்; அதனால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. நீர் ஜன்னலைத் திறக்க எழுந்தீர் என்பதும், எதனால் மீண்டும் அமர்ந்தீர் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னால் அவருடைய பாரம் இறங்கும். மூன்று குளிர்காலம் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நாக்கின் நுனிவரை வருகிறது. அவர் என்னை அண்ணாச்சி என்று அழைப்பது அத்தோடு நின்றுவிடும் என்று அஞ்சி விழுங்கிவிடுகிறேன். இனியேனும் சொல்வேன் என்று உமக்கு வாக்களிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே எல்லாவற்றையும் உமக்கு எழுதுகிறேன். உமக்கு அனுப்ப முகவரி இல்லை. உம் மனைவியின் முகவரி என்னிடம் இருக்கிறது.