நூர் முகமது கேட்ட தமிழ்ச் சொல்

அல்வால்,
செகந்திராபாத்.

அன்பு மகள் ரோகிணிக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்தி, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் இனிமேலாவது அப்படி இரு. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ அழுவாய், பிறகு நானும் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி டவர் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிடுவார். லீவு நாளெல்லாம் உன்னை உட்கார வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தது இதற்காவது உதவட்டும், மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி, புரியாத இடத்தை விட்டுத் தள்ளு.

இங்கிலாந்தில் படிக்கிற ஐசியூ நர்ஸ் கோர்ஸை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருந்தேன், சம்பந்தம் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அது. உனக்கு மெஷின் எல்லாம் பழகிவிட்டது, வேலையில் குறை இல்லை என்று லீட்ஸில் உன் டீச்சர்களே சொல்கிறார்கள் என்றாய். ஆனால் அந்த வெள்ளைக்கார அம்மா தன் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது, வலி இல்லாமல் இருக்கிறார் என்ற அர்த்தத்தில் கம்ஃபர்டபிளாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன், அவர் தேறிவருகிறார் என்று நினைத்து அந்த அம்மா வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார், திரும்பி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அவர் மகள் கேட்டார் என்று அழுதாய். இப்போது இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாமா இறந்ததை அப்பா உனக்கு இரண்டு வரியில் அனுப்பினார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மாமாவும் தங்கம் அத்தையும் விருதுநகரிலிருந்து வந்தது ஊர் சுற்றிப் பார்க்கத்தான், அப்பா தன் அக்காவுக்குச் சார்மினார் காட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்த வாரமே மாமாவுக்குச் சளி, காய்ச்சல் என்று ஆரம்பித்து, மூச்சு விட முடியாமல் போய், ஐசியூவில் சேர்த்து, வெண்டிலேட்டரும் வைத்துவிட்டார்கள். அத்தைக்குத் தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அப்பாவோ நானோ எப்போதும் கூடவே இருந்தோம், ஆனால் அன்றைக்கு அப்பா மருந்து வாங்கப் போய், நான் காப்பி வாங்கக் கேன்டீனுக்கு இறங்கிய கொஞ்ச நேரத்தில் நூர் முகமது என்கிற ஐசியூ நர்ஸ் வெளியே வந்திருக்கிறார். அத்தை அவரை மறித்துக் கேட்க, ட்ரீட்மெண்ட் சாகுதுந்தி அம்மா என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். தெலுங்கில் அதற்கு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், நமக்குத் தெரியும். விருதுநகர்க் காதில் அது எப்படி விழும், நீயே சொல். நான் காப்பியோடு வந்து பார்த்தால் அத்தை தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஊரில் இருக்கும் மகன் கணேஷ்குமாருக்குப் போன் போட்டு அப்பா போய்ட்டாருடா என்று சொல்லியும் ஆகிவிட்டது. நான் விசாரித்துத் திரும்பக் கூப்பிட்டால் அவன் போன் ஓயாமல் பிஸி, சாயங்காலம் லைன் கிடைத்தபோது வாசலில் சாமியானா போட்டு, மாமா போட்டோவோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியிருந்தார்கள், உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு. என் வாயாலேயே அவரை அனுப்பிட்டேனே என்று சொல்லிச் சொல்லி அத்தை மாய்ந்துபோனார்கள்.

நான் சண்டைக்குத்தான் போனேன், என் கோபம் உனக்குத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் நூர் முகமதுக்கு முகம் வெளிறிவிட்டது. சிரிக்கவும் இல்லை, பாஷை தெரியாததற்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லவும் இல்லை, அத்தை முன்னால் வந்து கைகூப்பி நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மூச்சு, ரத்தம், அப்படியேதான் இருக்கு, இதெல்லாம் தமிழில் எப்படி என்று கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு டூட்டியிலும் வெளியே வந்து, மூச்சு மெஷின்தான் விடுது அம்மா, மாத்தம் இல்ல என்று தப்பும் தவறுமாக ஏதாவது சொல்வார், அத்தையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

கடைசி நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு இனிமேல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அத்தையிடம் யார் போய்ச் சொல்வது என்று நான் கேட்டேன். நூர் முகமது தானே சொல்வதாகச் சொல்லி, தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். ரொம்பக் கஷ்டம் என்று சொல்லுங்கள் என்றேன். கஷ்டம் நக்கோ அம்மா, அந்தச் சொல் வேண்டாம், தெலுங்கிலும் அதே வார்த்தைதான், கஷ்டப்பட்டாவது பிழைத்துவிடுவார் என்றுதான் கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். கடவுள் விட்ட வழி என்று சொல்லுங்கள் என்றேன், அதுவும் வேண்டாம், சந்தேகமே வராத சொல்லாகக் கொடுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கடைசியில் பிழைக்க மாட்டார் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ழ சரியாக வருகிறதா என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா, ஐயா பிழைக்க மாட்டார், நீங்க உள்ள வந்து கூட இருங்க என்றார். அத்தை எழுந்து போய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மாமா கையைப் பிடித்துக்கொண்டு கல்யாணமான புதிதில் போட்ட சண்டை, பேரன் மார்க்கு என்று என்னென்னவோ பேசினார்கள், போஸ்டர் ஒட்டிய கதையைக்கூடச் சொல்லி, மன்னிச்சுக்கிடுங்க என்றார்கள். மூச்சு அடங்கியபோது அத்தையின் கை மாமா நெற்றியில் இருந்தது. ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏறுமுன் நூர் முகமதுவைத் தேடிப் பிடித்து, நீ சொன்னதாலதான் நான் கூட இருந்தேன்ய்யா என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை ஏறினார்கள்.

ரோகிணி, வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இங்கே குகட்பள்ளியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அப்பா விசாரித்தும் வைத்திருக்கிறார். நீ பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் இப்போதும் எனக்கு இருக்கிறது, ஐசியூ வாசலில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த ஆசை இன்னும் அதிகம்தான். ஆனாலும் அத்தை அந்த நர்ஸிடம் சொன்னதைக் கேட்ட பிறகு வா என்று எழுதக் கை வரவில்லை. கோர்ஸை முடித்துவிட்டு வா. அப்போதும் வர வேண்டும் என்று தோன்றினால் நான் வழி மறிக்க மாட்டேன்.

நீ நீண்ட ஆயுளோடும் திடமான மனசோடும் இருக்க மீனாட்சி துணையிருப்பாள், அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. இன்னொன்று, இதை மறந்துவிடாதே. உன் டீச்சர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் அந்த வெள்ளைக்கார அம்மாவைப் போய்ப் பார். மன்னிப்புக் கேட்டு அழுதுவிட்டு வருவதற்காக இல்லை. அவர் வீட்டுக்காரர் உயிர் போகும்போது நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வலி இல்லாமல்தான் போனார் என்று என்னிடம் சொன்னாயே, அதை அந்த அம்மாவிடம் சொன்னாயா. உன்னைத் தவிர வேறு யார் அதை அவருக்குச் சொல்ல முடியும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா சகுந்தலா