பூட்டி வைத்த மேல் ஸ்தாயி

மிலான், நவம்பர் 1961

அன்புள்ள அம்மாவுக்கு, லூச்சியானா முத்தங்களுடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தைக் குடிக்கிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஒரு சின்னச் செய்தி, பதற வேண்டாம். என் பாட்டு ஆசிரியை சிஞ்ஞோரா வெக்கியாத்தி இத்தனை வருடமும், "உனக்குத் தணிஞ்ச குரல், மேலே போனா தொண்டை போயிடும்" என்றுதானே பழக்கினார்? போன வாரம் அவருக்குக் காய்ச்சல். பியானோ வாசிக்கும் எர்மெஸ்தான் பயிற்சி கொடுத்தார். அவர் ஸ்வரத்தை ஏற்றிக்கொண்டே போக, நானும் பாடிக்கொண்டே போனேன். வலியே இல்லாமல் குரல் உச்சியில் போய் நின்றது.

எர்மெஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "நீ சோப்ரானோம்மா. இந்த உச்சக் குரலை யாரு பூட்டி வச்சது?"

மறுநாள் சிஞ்ஞோராவிடமே கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"முதல் நாளே தெரியும். என் பொண்ணும் சோப்ரானோ. அவளுக்குப் போட்டியா ஒருத்தியை நானே ஆப்பரா மேடைக்கு அனுப்புவேனா?"

கையிலிருந்த சூப் கிண்ணத்தைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. என்னையும் மகளே என்றுதான் கூப்பிடுவார், அம்மா.

"உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில்தான் அழுதேன். இனி அங்கே போகமாட்டேன். எர்மெஸிடம் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு சிஞ்ஞோராவுக்கு அனுப்பும் ஆலிவ் எண்ணெயை இந்த முறை எனக்கே அனுப்புங்கள். கம்பளிக் காலுறையும் வேண்டும். பார்சலைக் கடையில் கொடுக்காமல் நீங்களே கட்டுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அப்பாவிடம், என் குரல் உயர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் லூச்சியானா