டுரியான் மரத்துப் பாட்டில் கழுத்து

என் ஆசை அண்ணனுக்கு,

முள்வேலியைப் பிரித்துவிட்டார்கள். புக்கிட் பெலண்டோக் பக்கம், நம் ரப்பர் தோட்டத்தில், இனி ஊரடங்கு இல்லை. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று வாசலில் யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

அதைக் கொண்டாட எங்கள் அமெச்சூர் வானொலிச் சங்கம் இரண்டு நாள் சிறப்பு நிலையம் நடத்தியது. அரசாங்கம் அதற்கென்றே தனி அழைப்புக்குறி கொடுத்திருந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நானும் உதவிக்குப் போனேன். தூரத்து அமெச்சூர்களைக் கூப்பிட்டு, நம் தோட்டத்தின் பெயரைச் சொல்வது. அவ்வளவுதான் வேலை.

இடத்தைத் தேர்ந்தது நானல்ல. சங்கத் தலைவர் ராயப்பன், கெமாஸ் ரயில்வே தந்திக்காரர், ஏரியல் கம்பி கட்ட உயரத்தைப் பார்த்து, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் டுரியான் மரத்தைக் காட்டினார். அவரே ஏறினார்.

“தம்பி, இங்க ஒரு பாட்டில் கழுத்து கட்டியிருக்கு லா! கம்பி மரத்துல படாம இருக்க வச்சிருக்கான். யாரு?”

“எங்கண்ணன்.”

அன்று போலீஸ் உன் கம்பியை அறுத்தது. வானொலிப் பெட்டியையும் உன்னையும் கொண்டுபோனது. பாட்டில் கழுத்தை விட்டுவிட்டது. தடுப்பு முகாமில், காய்ச்சலில், நீ இறந்ததாகப் பிறகு செய்தி வந்தது. காட்டுக்காரர்களுக்குத் தகவல் அனுப்பியவன் என்ற பேச்சு மட்டும் லயத்தில் தங்கிவிட்டது. குழாயடியில் அம்மாவோடு யாரும் பேசுவதில்லை.

மரத்தில் மறுபடி கம்பி ஏறியதும் அம்மா பாராங் கத்தியோடு வந்தாள்.

“எறக்குங்கய்யா. ஒருத்தன் போனது பத்தாதா?”

ராயப்பன் இறங்கினார். நடந்ததைச் சொன்னேன்.

“ஒங்க மவன் வச்சிருந்தது கேக்குற பெட்டிதானேம்மா? அதுல பேச முடியாது.”

“நான் சொன்னா எவன் நம்புவான்?”

ராயப்பன் பேசும் கருவியைக் கழற்றித் தள்ளி வைத்தார். கேட்கும் பெட்டியில் மட்டும் கம்பியை மாட்டினார். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில், நம்மிடம் வேலை வாங்கும் மண்டோர் காளிமுத்துவும் இருந்தார். உன்னைப் பற்றிப் போலீஸில் முதலில் சொன்னவர். அவரைத்தான் ராயப்பன் கூப்பிட்டார்.

“பேசுங்க மண்டோர். லண்டன் வரைக்கும் கேக்குதா பாப்போம்.”

மண்டோர் குனிந்தார். “ஹலோ! மண்டோர் பேசுறேன்!”

பெட்டி தன் பாட்டுக்கு ஒரு சீனப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

“இன்னும் சத்தமா மண்டோர்! தொரை காதுல விழல போல!”

லயமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

“இதத்தான் எம்புள்ள வச்சிருந்தான்.”

சிரிப்பு நின்றது. மண்டோர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

அன்று ஏன் யாரும் இப்படிச் செய்து பார்க்கவில்லை? பெட்டி போலீஸ் மேசையில்தானே இருந்தது?

பேசும் கருவியை மறுபடி மாட்டினோம். இரண்டு நாளும் அம்மா மரத்தடியிலேயே இருந்தாள். பதில் வரும்போதெல்லாம், “எந்த ஊருக்காரன்?” என்பாள். கொழும்பு, பெர்த், எங்கோ ஒரு கப்பல். இதையெல்லாம் நீயும் கேட்டிருப்பாயா என்றாள். தெரியாது என்றேன்.

முடிந்ததும் கம்பியைக் கழற்ற ஏறினேன்.

“விடுறா. நிக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்.”

நேற்றுக் குழாயடியில் ஒரு பெண் தன் குடத்தை நகர்த்தி, அம்மாவுக்கு இடம் விட்டாள். பேசவில்லை. இடம் மட்டும் விட்டாள்.

உரிமத் தேர்வு எழுதப் போகிறேன், அண்ணே. தேறியதும் என் முதல் அழைப்பு அந்தக் கிளையிலிருந்துதான். கம்பி உன் பாட்டில் கழுத்திலேயேதான் இருக்கும். நீ கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தாய். நான் பேசுகிறேன்.

உனக்குப் பின் பிறந்தவன்,
தம்பி செல்வம்