எண்பத்தெட்டு சுத்தியல்கள்

போடி
29.5.2024

அன்புள்ள அத்தான்,

கர்த்தர் கிருபையில் நானும் பூனையும் நலம். மதுரைக் கடைச் சாப்பாட்டில் நீங்கள் இளைத்தது போன மாதமே தெரிந்தது. கேட்டால் ஒத்துக்கொள்ளவா போகிறீர்கள்?

அப்பா சீராகத் தந்த பியானோவைச் சபைக்குக் கொடுத்துவிடப் போகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் சத்தம் வருகிறது. "பெட்டியில கோளாறில்ல, உன் விரல்லதான் வலுவில்ல" என்று நீங்கள் சொன்னது சரிதான். பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். கொடுக்கும் முன் ஒரே ஒரு முறை, என் சோப்ளாங்கிக் கைக்கு ஏற்றபடி கணீரென்று வைத்துத் தாருங்கள். ஊருக்கெல்லாம் பியானோ சரிசெய்பவர் வீட்டுக்குச் செய்யக் கூடாதா?

உங்கள் ஞானம்


மதுரை
5.6.2024

அன்புள்ள ஞானம்,

போனில் மூன்று முறை கூப்பிட்டும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

உன் விரலில் குறையில்லை. பியானோவுக்குள் கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளித் தலையில் ஊசியால் குத்தினால் குரல் இளகும். அளவு மீறினால் சத்தமே அமுங்கிப்போகும்; வாசிப்பவருக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துவதுதான் எங்கள் தொழில். உன்னுடையதில் நான் நிறுத்தவில்லை. நீ சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போன ஒரு பகலில் எண்பத்தெட்டையும் குத்தினேன். பிறகு வருடா வருடம் குத்தினேன்.

அதற்குச் சற்று முன்பு ஒரு நாள் எதிர்க்கடை ஈஸ்வரபாண்டி, "டீச்சர் வாசிச்சா தெருவே நின்னு கேக்குறாக. நீங்க அந்தப் பெட்டியத் தொடைக்கிறவுகதானே?" என்றார். அவ்வளவுதான். பொறாமை. நீ எண்ணெய் தடவி விரலை நீவிக்கொண்டிருப்பாய். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை பாசஞ்சரில் வந்து சரிசெய்கிறேன். மன்னிப்பாயா?

தனராஜ்


போடி
10.6.2024

அத்தானுக்கு,

நாலு தடவை வாசித்தேன். முதலில் உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறகு மகிமா ஞாபகம் வந்தாள்.

பத்து வயதில் என்னிடம் படிக்க வந்தாளே, அவள்தான். நம் பெட்டியில் அவள் வாசித்தாலும் சத்தம் எழவில்லை. "ஏ ஆத்தா, உன் கையில உசுரே இல்ல, உனக்கு இது வராது" என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டேன். என் எரிச்சலை அந்தப் பிள்ளை மேல் கொட்டினேன்.

நேற்று முன்தினம், அவள் கணக்கெழுதும் ஏலக்காய்க் கடைக்குப் போனேன். நான் வாயெடுக்கும் முன்பே எழுந்து நின்று, "வாங்க டீச்சர். நீங்க அன்னைக்கே சொன்னது நல்லதாப் போச்சு. எனக்குத்தான் கையே இல்லையே" என்று சிரித்தாள். இத்தனை வருடமும் அதை நம்பியிருக்கிறாள். கால் கிலோ ஏலக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வாருங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன். அங்கிருந்து நேரே அவளிடம் போவோம். நீங்கள் செய்ததை நீங்கள் சொல்லுங்கள், நான் செய்ததை நான் சொல்கிறேன். என்னிடம் கேட்ட மன்னிப்பை முதலில் அவளிடம் கேளுங்கள். என் பதிலை அதன் பிறகு சொல்கிறேன்.

ஞானபாக்கியம்